கதவு திறக்கும் காட்சி

வீடியோவில் அவள் முகம் இல்லை. டிவி முன்னால் ரிமோட்டைப் பிடித்து விளையாடும் இரண்டு கைகள் மட்டும்.

குரலையும் ஏதோ இயந்திரம் வைத்து மாற்றியிருந்தாள். 'ஓட்டைக் குடை' என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.

'உப்புக் கோட்டை' வீடியோ கேமின் இரண்டாம் பாகம் வெளிவந்த வாரம் அது. கதை எழுதி, ஆட்களை வைத்து அதை உருவாக்கியவன் என் மகன்.

முதல் பாகம் முடிந்து பெயர்கள் மேலேறியபோது, தன் பெயருக்கு முன்னால், முதலெழுத்தோடு நிறுத்தாமல் என் பெயரை முழுதாகப் போட்டிருந்தான். நான் எழுந்து நின்றேன்.

அதில் ஓர் அரசன் தன் மகளைக் கோட்டைக்கு வெளியே நிறுத்திவிடுவான். அவள் தட்டுவாள். இரண்டு தட்டு, சிறு இடைவெளி, பிறகு ஒன்று. கதவு திறக்காது. அதோடு முடிந்துவிடும்.

விளையாடியவர்கள் அழுதார்கள். அந்தத் தட்டைக் கைப்பேசி மணியாக வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் பாகத்தை எழுதும்போது மகன் வந்து நின்றான். "அப்பா, இந்தத் தடவை ராஜா கதவைத் திறந்துடட்டுமா?"

"உன் ராஜா, உன் கதவு" என்றேன்.

திறந்துவிட்டான்.

ஓட்டைக் குடை அதைத்தான் பிடித்துக்கொண்டாள். சண்டை சலிப்பு, இசை பழசு என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் சொன்னாள்: "அந்த ராஜா கதவைத் திறக்க மாட்டாரு. திறந்ததா எழுதினவருக்கு அந்த ஆளைப் பத்தி ஒண்ணுமே தெரியல."

நாலு பேர் பார்த்த வீடியோதான். ஐந்தாவதாக ஒரு ரசிகன் பார்த்துவிட்டான்.

அவ்வளவுதான். மருமகள் சோபாவில் சாய்ந்துகொண்டு, ரசிகர்கள் கீழே எழுதிய வசவுகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். "மாமா, இதைக் கேளுங்க. 'முதல் கட்டமே தாண்டத் தெரியாத மூஞ்சி, அதான் மூஞ்சிய காட்டல.'"

சிரித்தோம்.

ஒருவன் அந்தக் கைகளை மணிக்கட்டோடு வெட்டித் தட்டில் வைத்தது போலப் படம் செய்து போட்டான். ஆயிரக்கணக்கானோர் அதற்கு இதயம் போட்டார்கள்.

"பாவம், விட்டுடச் சொல்லுங்களேன்" என்றான் மகன். அவன் அந்த வீடியோவைப் பார்க்கவில்லை. திட்டுகிறவர்களைப் பார்ப்பதில்லை என்பது அவன் வைராக்கியம்.

நான் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ரசிகர்களும் பார்த்தார்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அவள் டிவியின் ஓரத்தில் விழுந்திருந்த ஜன்னல் பிம்பத்தைப் பெரிதாக்கினார்கள். எதிர்மாடியில் நீலத் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் வளைந்த ஆன்டெனா. 'இது எந்த ஏரியா, யாருக்காவது தெரியுமா?' என்று ஒருவன் கேட்டிருந்தான்.

யாருக்கும் தெரியவில்லை.

என் பிள்ளையின் உழைப்பு. என் பெயர் ஏறிய பொருள். முகம் காட்டத் துணிவில்லாத ஒருத்தி அதை ஊர் முன்னால் பொய் என்கிறாள். வீட்டுக்குப் பெரியவன் என்று நான் எதற்கு இருக்கிறேன்?

அந்தக் கேள்விக்குக் கீழே ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தேன். பேருந்துப் பணிமனைக்குப் பின்தெரு. கீழே தையற்கடை உள்ள கட்டடம். மேல்மாடி.

பெயர் கேட்டது. 'நலம்விரும்பி' என்று போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மருமகள் கூவினாள். "மாமா, ஆளைக் கண்டுபிடிச்சுட்டாங்க! அவ வீட்டுக் கதவுல தார் ஊத்திட்டு, அதை நேரலையில வேற காட்டுறானுங்க!"

மகன் முகம் சுளித்தான். எனக்குக் கடைசிக் காட்சியைக் காட்டவேண்டும் என்று பெரிய டிவியில் விளையாட உட்கார்ந்திருந்தான். அந்த இடத்துக்கு வந்து சேர அவனுக்கே வெகுநேரம் பிடித்தது.

ஒருவழியாக இளவரசி கோட்டை வாசலில் நின்றாள்.

இரண்டு தட்டு. சிறு இடைவெளி. ஒன்று.

மறுபடியும் கேட்டது. இம்முறை என் முதுகுக்குப் பின்னால்.

"சவுண்டு எப்படிப்பா? நம்ம வாசல்லயே தட்டுற மாதிரி இல்ல?" என்றான் மகன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"நல்லா வந்திருக்கு" என்று எழுந்து போனேன்.

கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தேன். தட்டுவதற்குத் தூக்கிய கை. தார் அப்பிய விரல்கள். கட்டைவிரலுக்குக் கீழே, சின்ன வயதில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. அன்று ஊதி ஊதி மருந்து போட்டவன் நான்தான். வீடியோவின் முதல் நிமிடத்திலேயே நான் கண்டுகொண்ட தழும்பு.

என் மகள். நான் வேண்டாம் என்றவனைக் கட்டிக்கொண்டு போனவள். ஒருமுறை திரும்பி வந்து, அண்ணனும் தங்கையும் சிறுவயதில் பழகிய அதே தட்டை இதே கதவில் தட்டியவள். அன்று அவள் அண்ணன் வெளியூரில் இருந்தான்.

அவள் அம்மா, தான் சாகும்வரை, பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அந்த மேல்மாடிக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு பல்லில்கூடச் சொத்தை கிடையாது. ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்து வைத்திருந்தேன்.

"அப்பா" என்றது வெளியிலிருந்து குரல், தணிவாக. "தொரத்திக்கிட்டு வர்றாங்கப்பா."

மேல் தாழ்ப்பாளையும் போட்டேன். திரும்பி வந்து டிவியின் சத்தத்தைக் கூட்டினேன்.

திரையில் அரசன் படிகளில் விழுந்தடித்து இறங்கி வந்து கதவைத் திறந்தான். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முடிவு எப்படிப்பா இருக்கு?" என்றான் மகன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். "நம்பத்தான் முடியல."