நார்மல்

அப்பாவைக் கொண்டுபோன பரம்பரை நடுக்கநோயால்தான் பொற்கொடி மரபணுத் துறைக்கே வந்தாள். எத்தனையோ குடும்பங்களுக்கு முடிவு சொன்னவள், தன் ரத்தத்தை மட்டும் அந்த நோய்க்காகச் சோதித்ததில்லை. நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் வைப்பார்கள். ஆய்வகத்தில் அதற்குப் பெயர் நார்மல். இன்று அதிலும் அந்த நடுக்கநோயின் மரபணுக் கோளாறு தெரிந்தது.

“நார்மல் கெட்டுப்போச்சு மேடம்,” என்றார் உடன் வேலை செய்யும் ஜெரால்டு.

“யாரோட ரத்தம்?”

“உங்களோடதுதான். வேற டெஸ்டுக்குக் குடுத்தீங்களே, அதுல மிச்சம். ஏதாவது கலந்திருக்கும். புதுசா எடுத்துரலாமா?”

அவர் ஊசியைப் பிரித்தார். பொற்கொடி வெள்ளைக் கோட்டின் கையைச் சுருட்டிவிட்டு, மேசைமேல் கையை நீட்டினாள்.

“ஆட்டாம வைங்க மேடம்.”