முப்பத்தொன்றாம் எண் காட்டெலி

பெட்டிப் பொறிக்குள் மறுபடியும் அதே காட்டெலி. காதுத் தகட்டில் முப்பத்தொன்று.

அடிப் பாவி, இன்றைக்கும் நீதானா!

நான்கு நாளாக இதே கூத்து. இந்தக் காட்டில் எத்தனை எலி உண்டு என்று கணக்கெடுக்க, ஆராய்ச்சி மாணவியான அவள் நாற்பத்தொன்பது பொறி வைத்திருக்கிறாள். மாலையில் திறப்பாள். விடிந்ததும் மாட்டியதை எடை போட்டு விட்டுவிடுவாள். மற்ற எலிகள் ஒருமுறை மாட்டினால் அந்தப் பக்கமே தலைகாட்டாது. இந்தத் தீனிப்பண்டாரம் மட்டும் நிலக்கடலைக்காக இதே பொறியில் தினமும் வந்து விழுகிறது.

எடை பார்த்தாள். நேற்றைவிடப் பன்னிரண்டு கிராம் குறைவு.

நேற்று, கடலை தின்று பெருத்துவிட்டது என்றுதான் எழுதியிருந்தாள்.

புரட்டி, வயிற்று முடியை ஊதினாள். காம்புகள் தடித்து ஈரமாக இருந்தன.

துணைக்கு வரும் காட்டுக் காவலர் மசணன் எட்டிப் பார்த்தார்.

“நேத்துப் பகல்ல குட்டி போட்டிருக்குதுங்க மேடம். பால் குடுக்கற ஒடம்பு. பசி சும்மா உடுங்களா?”

அப்படியானால் இரவு முழுக்கத் தாய் இங்கே. குட்டிகள் எங்கோ வளையில்.

கையைத் திறந்ததும் அது பாய்ந்து ஓடியது.

அவள் மார்பில் சுரீரென்றது. சட்டை நனைந்தது. கோபியில் அம்மாவிடம் விட்டுவந்த ஏழு மாதக் குழந்தை இந்நேரம் விழித்திருக்கும்.

பாறை மறைவுக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சிப் புல்லில் விட்டாள். அழுகை வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வந்தும் தெரியாமல் போயிற்றே!

இன்று கடைசி இரவு. நாளை மதிய பஸ்ஸில் ஊர்.

ஐந்து இரவும் எல்லாப் பொறியும் திறந்திருக்க வேண்டும். ஒன்றை மூடினாலும் கணக்கு செல்லாது. மறுபடியும் முதலிலிருந்து ஐந்து இரவு இங்கேயே இருக்க வேண்டும். பேராசிரியர் அதில் கறார்.

மூடாவிட்டால் அது வரும். கட்டாயம் வரும். இன்னோர் இரவைக் குட்டிகள் தாங்காது.

மூடிவிட்டு, திறந்திருந்ததாக எழுதலாம். யாருக்குத் தெரியப் போகிறது?

அவளுக்குத் தெரியுமே.

மாலையில் நாற்பத்தெட்டுப் பொறிகளுக்குக் கடலை வைத்து முடித்தாள். அந்த ஒன்றின் முன்னால் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். மார்பு மறுபடியும் கட்டிக்கொண்டு வலித்தது.

மசணன் சிரித்தபடி கேட்டார்.

“நாளைக்கு இந்நேரம் பாப்பா மடியில இருக்கும், இல்லீங்க மேடம்?”

அவள் பொறியின் கதவை அழுத்தி மூடி, ஏட்டில் ‘மூடியது’ என்று எழுதினாள்.