புதுக் கதவோரம்

ராயபுரத்து வீட்டுக்குப் புதிதாக வாசற்கதவும் தரையும் போட்டு, கதவோரம் வாட்டர் புரூஃபிங் பூசி ஒரு வாரம் ஆகியிருந்தது. காலையிலிருந்தே அடைமழை. பார்த்துவிட்டுப் போக வந்த மேஸ்திரி வரதன், சட்டையைக் கழற்றிவிட்டு வாசலோரம் மல்லாந்து கிடந்தார்.

"இன்னா மேஸ்திரி, காலைலயே குடிச்சிட்டு வந்துகீறியா? கொயந்தைக்கு வீசிங் கீது, ஈரம் ஆவாதுன்னுதானே இத்தினி வேலையும்!" என்று கத்தினாள் வீட்டுக்காரி ஜானட்.

அவர் கண் திறக்கவில்லை. "சத்தம் போடாதம்மா. கதவு நெலகிட்ட, இடது மூலைல கசியுது."

அவள் தடவிப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

"கைக்குத் தெரியாது. முதுகுக்குத்தான் தெரியும். ஒடச்சி மறுபடி பூசித் தரேன்."

ஜானட் குனிந்து தரையில் கன்னம் பதித்தாள். அவர் சொன்ன மூலை மட்டும் சில்லென்றது.

"மன்னிச்சிடு மேஸ்திரி" என்றவள், அவர் கழற்றிப் போட்டிருந்த சட்டையை எடுத்து நீட்டினாள்.