சுவர்க் கம்பளம்

தாஷ்கண்டில் இப்போது வெறுஞ்சுவர்தான் நாகரிகமாம். தன் அடுக்குமாடி வீட்டின் கூடத்துச் சுவரிலிருந்த பழைய கம்பளத்தை ஷஹ்னோசா இறக்கிவிட்டாள்.

மறுநாளே அடுத்த வீட்டு ஹுர்ஷிதா வந்து நின்றாள். "ஏண்டி, அந்தக் கம்பளத்த எனக்குக் குடேன்."

"ஐயே, இன்னுமாக்கா கம்பளம் மாட்டுறீங்க? காலம் எங்கயோ போயிடுச்சு!" கழுவிய தட்டில் நாலு ஆப்பிளை வைத்து நீட்டினாள் ஷஹ்னோசா. "நேத்து குடுத்தீங்களே புலாவ், பிரமாதம்க்கா!"

"சந்தோஷம்டி." ஹுர்ஷிதா கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எங்கக்கா மாட்டப்போறீங்க?"

"நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கற இதே சுவத்துலதான், என் பக்கம். 'இந்தப் புலாவ நாய்கூடத் தின்னாது'ன்னு நேத்து உன் புருஷன்கிட்ட சொன்னியே, அட்சரம் பிசகாம கேட்டுச்சு. கம்பளம் இருந்தவரைக்கும் நாம எவ்வளவு ஒத்துமையா இருந்தோம்!"