வூப்பர்டாலில் நான்கு இரவுகள்

"அறை குடுக்கேக்குள்ள முற்றத்துப் பக்கம் கேள். ரோட்டுப் பக்கம் எண்டா விடிய அஞ்சு மணிக்கே தலைக்கு மேல தொங்கி ஓடுற ரெயில் சத்தம் துவங்கிடும்."

அலுமாரிக்கு மேலிருந்து இறக்கிய சூட்கேசை ஈரத்துணியால் துடைத்தபடி அன்னபாக்கியம் சொன்னாள்.

ராகவி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். கார்ச் சாவி கையிலேயே இருந்தது.

சூட்கேசை வாங்கிப் போகத்தான் வந்திருந்தாள். ஓக்லாண்டின் ஒரு கோடியில் அவள் இருக்கும் பாட்டனி டவுன்ஸிலிருந்து மறுகோடியில் தாய் இருக்கும் ரானுயிக்கு நெரிசல் இல்லாவிட்டாலும் முக்கால் மணி நேரம் ஓட வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை வருவாள். வந்தால் தேத்தண்ணி ஆறுவதற்குள் புறப்பட்டுவிடுவாள்.

நாளைக்கு அவளுக்கு ஜெர்மனிப் பயணம். வேலை விஷயம், நாலு இரவு ஹோட்டலில் என்று போன கிழமை போனில் சொன்னாள். எந்த ஊர் என்று தாய் கேட்டாள். கொஞ்சம் பொறுத்து, வூப்பர்டால் என்றாள்.

அதற்கு மேல் அன்னபாக்கியம் எதுவும் கேட்கவில்லை.

அந்த ஊர் ஹோட்டலொன்றில் ஒன்பது வருடம் அறை துப்புரவாக்கியவள் அவள். நாளொன்றுக்குப் பதினாறு அறை. பிறகு தமையன் கூப்பிட, நாலு வயது ராகவியோடு ஓக்லாண்ட் வந்து இறங்கினாள். அதன்பின் அந்த வருடங்களைப் பற்றி வாய் திறந்ததில்லை.

இன்றைக்கு மட்டும் வாய் ஓயவில்லை.

ஞாயிறு ஒரு கடையும் திறக்காது, சனிக்கிழமையே தண்ணியும் பழமும் வாங்கி வை. துவாய் மாற்ற வேண்டுமென்றால் நிலத்தில் போடு, கொழுவியில் தொங்கினால் மாற்ற மாட்டார்கள். யன்னல் கைப்பிடியை மேலே திருப்பினால் மேல்பக்கம் உன்னை நோக்கிச் சரியும், உடைந்துவிட்டதென்று பயப்படாதே. அறையில் தண்ணி கொதிக்க வைக்கக் கேத்தல் இருக்காது, சின்னதாக ஒன்று கொண்டுபோ.

"சவுனா எண்டு எழுதியிருக்கிற வெக்கைக் குளியல் பக்கம் எட்டியும் பாக்காதை. அங்க ஒருதரும் உடுப்புப் போடாயினம்."

ராகவி சிரித்துவிட்டாள். சிரித்தபடியே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அன்னபாக்கியம் மனதுக்குள் அவசரமாக இன்னும் தேடினாள். இரட்டைக் கட்டிலிலும் போர்வை ஆளுக்கொன்றாகத்தான் இருக்கும். பத்து மணிக்குப் பிறகு சத்தமாகக் கதைத்தால் பக்கத்து அறைக்காரன் சுவரில் தட்டுவான்.

"அறை துப்புரவாக்க வாற பிள்ளையைக் கண்டா குட்டன் மோர்கன் எண்டு வணக்கம் சொல்லு," என்றாள். "என்னைக் கண்டா கனபேர் சுவரைப் பாத்துக்கொண்டு போவினம்."

ராகவி நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். இது அவளுக்குப் புதிது. ஏதோ கேட்க வந்தாள் போலிருந்தது. அதற்குள் அவளுடைய போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"ஓகே அம்மா, நான் வெளிக்கிடப் போறன்."

தெரிந்ததெல்லாம் முடிந்துவிட்டது. அன்னபாக்கியம் முற்றத்துப் பக்க அறையைப் பற்றி இன்னொருமுறை சொன்னாள். ஓம், ஓம் என்றபடி ராகவி சூட்கேசை உருட்டிக்கொண்டு வெளியே போனாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. சூட்கேஸ் பின்சீட்டில் ஏறியது. ராகவி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் கண்ணாடியை இறக்கினாள்.

அன்னபாக்கியம் குனிந்தாள்.

"காலமைச் சாப்பாட்டைப் பத்து மணிக்கெல்லாம் எடுத்துப் போடுவாங்கள். அப்பா சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். அவரைப் பாத்துக்கொண்டு பசியோட இராதை. நீ சாப்பிடு."

ராகவியின் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது.

இருபத்துநாலு வருடத்தில் அவர்கள் இருவருக்குமிடையில் அப்பா என்ற சொல் வந்ததேயில்லை. வூப்பர்டாலில் அப்பா வேறொருத்தியோடு குடும்பமாக இருக்கிறார் என்பதை ராகவி மற்றவர்கள் கதைத்துத்தான் அறிந்திருந்தாள்.

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை. அந்த ஊரில உனக்கென்ன வேலை விசயம்?"

"சொறி அம்மா."

"அதில என்ன இருக்கு? உன்ர அப்பா. போய்ப் பார்." அன்னபாக்கியம் கண்ணாடி விளிம்பில் விழுந்த தூறலை விரலால் வழித்துவிட்டாள். "என்னைப் பற்றிக் கேக்க மாட்டார். கேட்டா, நல்லா இருக்கிறா எண்டு சொல்லு."

ராகவி முன்னால் பார்த்தபடி இருந்தாள்.

"கேட்டவர்," என்றாள். "முதல் மெசேஜிலயே அதைத்தான் கேட்டவர். அம்மா எப்பிடி இருக்கிறா எண்டு."

பின்னால் வந்த கார் ஒன்று அன்னபாக்கியத்தை விலகிக் கடந்து போயிற்று.

"நீ என்ன எழுதினனீ?"

"ஒண்டும் எழுதேல்லை."

"ஏன்?"

"நீங்கள் எப்பிடி இருக்கிறியள் எண்டு எனக்குத் தெரியேல்லையே, அம்மா."

அன்னபாக்கியம் நிமிர்ந்தாள். காரின் முன்பக்கமாகச் சுற்றி மறுபக்கம் போனாள். கதவைத் திறந்து, ஈர உடுப்போடு ஏறி உட்கார்ந்தாள். பெல்ட் போடவில்லை.

ராகவி எஞ்சினை நிறுத்தினாள்.