பத்துமா?

"ராத்திரி சார்ஜ் போட்டுட்டுத் தூங்கினா, காலையில என் பொண்ணு எழுந்திருப்பாளா?"

கிருஷ்ணராஜ் மறுபடியும் அதையே கேட்டார்.

மண்டி மொஹல்லா கடைத்தெருவில் அந்த பேட்டரிக் கடை ஓர் ஆள் அகலம்தான். வெளியே விடாத தூறல். உள்ளே கனகா. எல்லையோர ஹனூரிலிருந்து வந்து வருஷங்கள் ஆகியும் பேச்சிலிருந்து ஊர் இறங்கவில்லை.

"நல்லா எழுந்திருப்பாங்க சார். பயப்படாதீங்க."

"பயப்படாம? அந்த வீடியோ பாத்தீங்களா? முதல்ல 'புஸ்ஸ்ஸ்'. அப்புறம் புகை. அப்புறம் 'டமார்'. வீடே கரி. அஷ்டே, முகீது! அவ்ளோதான், முடிஞ்சுது!"

மகள் சுசித்ரா காலேஜ் போக, பழைய சைக்கிளில் மோட்டார் மாட்டி அவரே செய்த எலக்ட்ரிக் பைக். பேட்டரி மட்டும்தான் பாக்கி.

கனகா இரண்டு பேட்டரிகளை எடுத்து வைத்தாள்.

"இது எடை கம்மிங்க. பறக்கும். ஆனா சூடு தாங்காது. இது எல்.எஃப்.பி. கொஞ்சம் கனம், ஆனா லேசுல தீ பத்தாதுங்க. சார்ஜ் நிறைஞ்சா தானா நிறுத்திக்கிற போர்டும் உள்ளயே இருக்குது."

"அதே கொடுங்க. சாமுண்டி பெட்டா, அந்த மலை ஏறுமா?"

"ஏறுமுங்க. காலேஜுக்குப் போக வர தாராளமாப் பத்துமுங்க."

கிருஷ்ணராஜ் ஸ்டூலிலிருந்து எகிறினார். "பத்துமா! இப்பதானே பத்தாதுன்னீங்க?"

"ஐயோ, தீ பத்துறது இல்லீங்க! இந்தப் பத்தும்னா, போதும்னு அர்த்தம்."

"ஓ... நமக்குக் கன்னடாதான் ஜாஸ்தி. தமிழ் ஸ்வல்ப வீக்." நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தவரின் கண், மூலையிலிருந்த மணல் வாளியில் நின்றது. "அதென்ன?"

"வீங்கிப்போன பேட்டரிங்க. யாரோ மாத்திட்டு விட்டுட்டுப் போனது. எப்ப வேணா வெடிக்கும். அதான் மணல்ல போட்டு வெச்சிருக்கேன்."

அவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். முதுகில் தூறல் விழுந்தது. அசையவில்லை.

'எத்தனை கேள்வி கேட்டா என்ன? பொண்ணு மேல இவ்வளவு உசிரு' என்று நினைத்துக்கொண்டாள் கனகா. எரிச்சல் போய்விட்டது. பேட்டரியைப் பஞ்சில் சுற்றி, பெட்டியில் வைத்துக் கட்டினாள்.

"இன்னொரு பைக்கும் பண்ணியிருக்கேன்மா" என்றார் அவர், வாசலிலிருந்தே. "நம்ம வீட்டுல சமையல் பண்றாளே மாதேவி, அவளுக்கு. பாவம், மழையில நடந்தே வர்றா. லேட்டாகுது."

கனகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்கு வருகிறவர்களில் வேலைக்காரிக்கு வண்டி செய்து தருகிறவர் யார் இருக்கிறார்கள்?

"நல்லா இருப்பீங்க சார். அவங்க வண்டிக்கு எங்க சார்ஜ் போடுவாங்க?"

"வீட்டுலதான். வீடு ஏது, ஒரே ரூம். அடுப்பும் அங்கதான், ரெண்டு குழந்தைங்க தூங்குறதும் அங்கதான்."

"அப்ப அவங்களுக்கும் இதே எல்.எஃப்.பி.தானுங்க. இருங்க, எடுத்துடறேன்." மேல்தட்டை எட்ட ஸ்டூல் இல்லாமல், காலி அட்டைப்பெட்டி மேல் ஏறினாள்.

"பேடா, பேடா. அது வேண்டாம், இறங்குங்கம்மா."

கிருஷ்ணராஜ் குடையை நீட்டி, தூரத்திலிருந்தே மணல் வாளியைக் காட்டினார்.

"அதுக்கு ஒரு டேப் சுத்திக் கொடுங்க."

கனகா பெட்டி மேலேயே நின்றுவிட்டாள். "சார்... அது பத்திக்குமுங்க."

"அதைத்தான்மா நானும் சொல்றேன்." புதிதாகக் கற்ற தமிழில் கிருஷ்ணராஜ் சிரித்தார். "மாதேவிக்கு அது பத்தும்."