உடைந்த பின்விளக்கு

“இடிச்சுட்டுக் கமுக்கமாப் போனவன் எவன்? சோறு திங்கறவனா இருந்தா முன்னால வாடா!”

வணிக வளாகத்தின் கீழ்த்தள வண்டி நிறுத்தம் முழுக்க அதிர்ந்தது. கத்தியவர் முதல் மாடி பைப் கடை முதலாளி. வளாகத்தில் அவருக்குப் பெயரே கறார்தான். மூட்டை தூக்கி மேலே வந்த மனிதர். யாரிடமும் சும்மா எதையும் வாங்கியதில்லை. யாருக்கும் எதையும் விட்டுக்கொடுத்ததுமில்லை.

அவர் வாங்கி ஆறு மாதம் ஆகாத கார். பின்விளக்கு நொறுங்கிக் கிடந்தது. பம்பரில் தூணின் மஞ்சள் பெயிண்ட்.

வாட்ச்மேன் முன்னால் வந்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம்.

“நான்தான், முதலாளி.”

கறார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ‘நான் இல்லை’ என்பான், பிடித்து உலுக்கலாம் என்றல்லவா காத்திருந்தார்!

“நீயா? உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?”

“ஓட்டலை முதலாளி. நகர்த்தினோம். ஒரு அவசரம், வழி விடறதுக்காக...”

“என்னடா பெரிய அவசரம்? என் வண்டியைத் தொட யாரு சொன்னா உனக்கு?”

“இல்ல முதலாளி, மத்தியானம்...”

“வாயை மூடு!”

மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “சார், டென்ஷன் ஆகாதீங்க...”

“இன்னும் ஆகவே இல்லைய்யா நான்! ஆனேன்னா தாங்க மாட்டே.”

“விளக்கை நாங்க மாத்திக் குடுத்துடறோம் சார்.”

“விளக்கு கிடக்கட்டும். தப்புப் பண்ணவன் பதில் சொல்லணும். நாளைக்கு இவன் மூஞ்சியை நான் இங்க பார்க்கக் கூடாது.”

“பாவம் சார், புதுசு. ஒரு வாரம் வேலைக்கு வேண்டாம்னு நிறுத்தி வைக்கிறேன்...”

“பேரம் பேசறியா? என்கிட்டயா?”

மேனேஜர் வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “யூனிபார்மைக் குடுத்துட்டுக் கிளம்புப்பா.”

அவன் முதல் பித்தானில் கை வைத்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தான்.

“சொல்லுங்கண்ணே... எப்பண்ணே?... ஐயோ... அப்படிச் சொல்லாதீங்கண்ணே, உங்களால இல்லை...”

அப்படியே தூணோரம் உட்கார்ந்துவிட்டான்.

“இந்தப் பாசாங்கெல்லாம் நீ பிறக்கறதுக்கு முன்னாடியே பார்த்தாச்சு” என்றார் கறார்.

அவன் நிமிர்ந்தான். “ஜெராக்ஸ் கடை அக்கா போயிட்டாங்க.”

கறாரின் குரல் பாதியாக இறங்கியது. “யாரு... மூணாவது மாடியிலயா? புருஷனும் பொண்டாட்டியுமா கடை பார்ப்பாங்களே, அந்தம்மாவா? நல்லாத்தானே இருந்துச்சு?”

“மத்தியானம் மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் வர அரை மணி ஆகும்னுட்டாங்க. அவங்க வீட்டுக்கார அண்ணன் தன் கார்லயே படுக்க வெச்சார். முன்னால உங்க வண்டி குறுக்க நின்னுச்சு.”

இடம் போதாத அந்தக் கீழ்த்தளத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. குறுக்கே நிறுத்துகிறவர்கள் ஹேண்ட்பிரேக் போடாமல், நியூட்ரலில் விட்டுப் போக வேண்டும். பின்னால் நிற்கும் வண்டி கிளம்பும்போது வாட்ச்மேன் ஒருவனே கையால் தள்ளி வழி விடுவான். கறார் மட்டும் இதற்கு மசிந்ததே இல்லை. ‘என் வண்டி மேல எவன் கையும் படக் கூடாது’ என்று பிரேக்கை இறுக்க இழுத்துவிட்டுத்தான் போவார்.

“நாலு தடவை போன் பண்ணேன் முதலாளி. கடைக்கும் ஓடினேன். லோடு வண்டியில குடோனுக்குப் போயிட்டீங்கன்னாங்க.”

கறார் போனை எடுத்துப் பார்த்தார். தெரியாத எண். நாலு தடவை. ஒரு லோடு பைப்புக்கு விலை படிந்து வரும் நேரத்தில் எவன்டா இவன் என்று, நாலு தடவையும் அவர்தான் துண்டித்திருந்தார்.

“அப்புறம் ஆறு பேர் சேர்ந்து உங்க வண்டியோட பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி வெச்சோம். அதுலதான் தூண்ல இடிச்சிடுச்சு. வழி கிடைக்கறதுக்குள்ள கால் மணி நேரம் ஓடிடுச்சு.”

“டாக்டர்... என்ன சொன்னாராம்?”

“பத்து நிமிஷம் முன்னால வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமாம்.”

கறார் கர்ச்சீப்பை எடுத்துப் பிடரியைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேனேஜரிடம், பழகிய குரலில், வேகவேகமாகச் சொன்னார்:

“சரி விடு. இவன் வேலையிலயே இருக்கட்டும். விளக்கை நானே மாத்திக்கறேன். அந்தம்மாவோட வீட்டுக்காரருக்கும் நம்மால ஆனதைச் செஞ்சுடலாம். இதைப் பத்தி இனிமே யாரும் வாயைத் திறக்க வேண்டாம். என்ன, முடிஞ்சுதா?”

வாட்ச்மேன் எழுந்தான். யூனிபார்ம் சட்டையைக் கழற்றி மடித்து, காரின் மேல் வைத்தான். பனியனோடு நின்றான்.

“முடியலை முதலாளி. உங்க வண்டியை அண்ணன் ஒரு வார்த்தை குறை சொல்லலை. ‘நெஞ்சு அடைக்குதுன்னு அவ சொன்னப்ப, இந்த ஒரு கட்டு பேப்பரை பைண்டிங் பண்ணிட்டுப் போலாம்னேன், நானே கொன்னுட்டேன்’னு தலையில அடிச்சுக்கிட்டு அழறார். ஆஸ்பத்திரி வாசல்லதான் உட்கார்ந்திருக்கார். போங்க முதலாளி. ‘உன்னால இல்லைய்யா, என்னால’ன்னு உங்க வாயால ஒரு தடவை அவர்கிட்டச் சொல்லிட்டு வாங்க.”